சுவரில் உட்கார்ந்திருந்த டிரைவர்

டாக்டரம்மாவின் கணவர் இறந்து பல வருஷம் ஆகியும், தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அவருடைய நிழல் சமையலறைச் சுவரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. அவர் பஸ் டிரைவர். உயிரோடிருந்தபோது எப்படி உட்காருவாரோ அதே மாதிரி முதுகைக் கொஞ்சம் வளைத்து, வலது கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, இடது கையை நாற்காலிக்கு வெளியே தொங்கவிட்டிருக்கும். டீ தீருகிற நேரத்தில் அந்த இடது கை முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஒரு இழு என்று கியர் போடும். மனிதர் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியதில், கியர் போடாமல் எந்த நாற்காலியிலிருந்தும் எழுந்திருக்க முடியாதவராகியிருந்தார். கியர் போட்டால் மட்டும் போதாது, பின்னாலிருந்து யாராவது ரைட் கொடுக்க வேண்டும். வீட்டில் அந்தக் கண்டக்டர் வேலையை அவருடைய அக்கா பார்த்துவந்தார். மேஜையை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், ரைட்" என்றால்தான் தம்பி எழுந்து கைகழுவப் போவார். நிழலும் நாள் தவறாமல் கியர் போட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. வெயில் சன்னலைத் தாண்டியதும் அப்படியே மங்கிப்போய், மறுநாள் நாலு மணிக்கு மறுபடி முதல் வாயிலிருந்து ஆரம்பித்தது.

அந்த ஊரில் இதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. அங்கே எது போனாலும் அதன் நிழல் கொஞ்ச காலம் தங்கிவிட்டுத்தான் போகும், கழற்றிப்போட்ட சட்டையில் வேர்வை வாசம் தங்குகிற மாதிரி. வெட்டிய மரத்தின் நிழலில் ஆட்டோக்காரர்கள் இரண்டு மூன்று வாரம் வண்டி நிறுத்துவார்கள். இடித்துத் தள்ளிய கல்யாண மண்டபத்தின் நிழல் அடுத்த மழைக்காலம் வரை தெருவில் கிடந்ததுண்டு. செத்துப்போன மளிகைக்காரர் பதினாறு நாள் கல்லாவில் நிழலாக உட்கார்ந்து, மகன் பொட்டலம் கட்டுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் ஒருநாள் பார்த்தால் நிழல் இருக்காது. எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்டதில்லை. தேய்ந்த சோப்பு எங்கே போயிற்று என்று யார் கேட்கிறார்கள்?

அது நிழல்தின்னியின் வயிற்றுக்குப் போயிற்று. பூனை அளவு பிராணி, சாம்பல் நிறம், வால் மட்டும் தேய்ந்த துடைப்பம் மாதிரி இருக்கும். ஈர சிமெண்டுத் தரையில் ரப்பர் செருப்பு வழுக்குகிற சத்தத்தில் கத்தும். முழங்கை நீளத்துக்கு நாக்கு, தேங்காய்த் துருவியைப் போல அதில் முள். அதற்கென்று சொந்த நிழல் கிடையாது. எல்லா நிழலும் நீண்டு பழுக்கிற சாயங்கால வெயிலில் வெளியே வரும், திறந்த சன்னல் வழியாக வீட்டுக்குள் இறங்கும், உரிமையாளர் இல்லாத நிழலை ஓரத்திலிருந்து நக்கி நக்கித் தின்னும். உயிரோடிருப்பவர்களின் நிழலையும் பசி மிஞ்சினால் நக்கும், ஆனால் அதில் சத்தில்லை, வெறும் கஞ்சித் தண்ணி. நக்கினால் நமக்கு உள்ளங்காலில் கூச்சம் எடுக்கும், நிழல் மறுநாள் காலைக்குள் முளைத்துவிடும். அதன் எச்சம் கறுப்பாக, சில்லென்று, மாவு போல இருக்கும். தகரக் கூரை வீட்டுக்காரர்கள் அதைப் பொறுக்கிவந்து கூரைமேல் தூவிக்கொண்டார்கள். சில வருஷத்துக்கு ஒரு தடவைதான் குட்டி போடும், போட்டால் இரண்டு. இப்படி ஊரைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த பிராணிக்கு ஊர் வைத்த பெயர் திருட்டுப்பூனை. கண்ட இடத்தில் கல்லெடுத்தார்கள்.

கல்லுக்கெல்லாம் அது சாகவில்லை. நகராட்சி தெருவுக்குத் தெரு உயரமான கம்பம் நட்டு வெள்ளை விளக்கு போட்டதில்தான் செத்தது. அந்த விளக்கடியில் ஒவ்வொரு ஆளுக்கும் நாலு நிழல் விழுந்தது, நாலும் தண்ணீர் கலந்த பால் மாதிரி, ஓரத்தில் நீலம் தட்டிக்கொண்டு. பகலெல்லாம் சாதாரணமாகக் கிடந்த பழைய நிழல்களும் இரவெல்லாம் அந்த வெளிச்சத்தில் ஊறி நஞ்சாயின. தின்ற பிராணிகள் வயிறு தவில் போல உப்பிச் சாக்கடை ஓரங்களில் கிடந்தன. ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போயிற்று. அப்புறம்தான் வினை ஆரம்பித்தது. போன நிழல்கள் போகவில்லை. இடித்துத் தள்ளிய சினிமா தியேட்டரின் நிழல் நிரந்தரமாகத் தெருவில் படுத்துக்கொள்ள, அந்தப் பக்கத்து வீடுகளில் துணி காயவில்லை, சுவர் பாசி பிடித்தது, குழந்தைகளுக்குச் சளி விடவில்லை. செத்தவர்கள் வீட்டுக்குவீடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் வீட்டில் மாமியார் உயிரோடிருந்தபோது அடுப்படியில் நின்று எப்படி உதட்டைப் பிதுக்குவாரோ அதே பிதுக்கலோடு சுவரில் நின்றார். மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளை விளக்கையே வாங்கி வந்து அடுப்படியின் நாலு மூலையிலும் மாட்டினார். ஒரே வாரத்தில் மாமியார் வெளுத்துப்போய்விட்டார். செய்தி பரவியதும் எல்லா வீட்டிலும் மஞ்சள் பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளை விளக்கு மாட்டினார்கள். டாக்டரம்மா வீட்டுச் சமையலறையில் மட்டும் மாற்றவில்லை. "என் தம்பி மேல அந்தப் பேய் வெளிச்சம் பட்டுச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று நாத்தனார் சொல்லிவிட்டார்.

நாத்தனார் என்றால் டிரைவரின் அக்கா. அம்மா சின்ன வயதிலேயே போய்விட, தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்தார். கத்திரிக்கோலை விட நாக்குக்குத்தான் கூர் அதிகம் என்று வாடிக்கைக்காரிகள் சொல்வார்கள், ஆனால் தையல் நன்றாக இருந்ததால் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். தம்பி செத்த பிறகும் நாலு மணி டீயை அவர் நிறுத்தவில்லை. சுவருக்கு முன்னால் டம்ளரை வைத்து, "இன்னிக்காவது ஆறுறதுக்குள்ள குடிடா" என்று திட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்புவார்.

டாக்டரம்மா ஊரெல்லையில் காட்டுப் பிராணிகளுக்கான காப்பகத்தில் மருத்துவர். சிறகொடிந்த ஆந்தை, வலையில் சிக்கிய நீர்நாய், மனிதர்கள் வளர்த்துச் சலித்துப்போய்க் கொண்டுவந்து விட்ட குரங்கு என்று அவருக்கு ஓய்வொழிச்சல் கிடையாது. கணவர் இருந்தவரை ஒருநாள்கூட நாலு மணிக்கு வீடு வந்ததில்லை. அவர் போன பிறகு ஒருநாள்கூட தவறியதில்லை. பிராணி சாகக் கிடந்தாலொழிய, மூன்றரைக்கெல்லாம் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிடுவார். சுவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நிழலோடு சேர்ந்து ஒரு டம்ளர் டீ குடிப்பார். பேசமாட்டார். அந்தக் கால்மணி நேரத்துக்காகத்தான் அவர் மிச்ச நாளையெல்லாம் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஒரு பழைய பஞ்சுக் கிடங்கை இடிக்கும்போது அடித்தளத்தில் ஒரு ஜோடி நிழல்தின்னி அகப்பட்டது. ஊரில் வேறெங்கும் இல்லை என்று தேடித் தெரிந்துகொண்ட பிறகு, காப்பக இயக்குநர் அவற்றுக்கென்று ஒரு கூடமே கட்டினார். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். கடைசி ஜோடி, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, ஒரு அசைவும் தப்பாதபடி மேலேயும் கீழேயும் சுற்றிலும் விளக்கு வைத்தார். விஷமில்லாத நல்ல விளக்குதான். ஆனால் எல்லாப் பக்கமும் விளக்கிருந்தால் நிழல் எங்கே விழும்? அது என்ன தின்னும் என்று அதுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லை, நிழல்தின்னி என்ற பெயரே பிற்பாடு வந்ததுதான். கறையான் வைத்தார்கள், பால் வைத்தார்கள், பழம், முட்டை, கொத்திய இறைச்சி எல்லாம் வைத்தார்கள். கூண்டுக்கு வெளியே நாலு பேர் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஆண் பிராணி பசியால் செத்தது. டாக்டரம்மா அதன் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு ஏணியின் நிழல், செரித்தது போக இரண்டு படி மட்டும், நனைந்த கைக்குட்டை போல மடங்கிக் கிடந்தது. அவர் அதைத் தட்டில் விரித்து இயக்குநருக்குக் காட்டினார். இயக்குநர் தட்டைப் பார்த்தார், மேலே இருந்த விளக்கையெல்லாம் பார்த்தார், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அவரே ஸ்டூல் போட்டு ஏறி, ஒன்று தவிர எல்லா விளக்கையும் கழற்றினார்.

பெண் பிராணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டரம்மா, உள்ளே குட்டி இருப்பதைச் சொன்னார். அதிலிருந்து காப்பகமே பிரசவம் பார்க்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது. சமையல்காரர், காவலாளி, இயக்குநர், டாக்டரம்மா என்று எல்லோரும் முறைவைத்துக் கூண்டுக்கு முன்னால் நின்று தங்கள் நிழலைக் கொடுத்தார்கள். கூச்சம் தாங்காமல் காவலாளி நெளிந்ததில் அவருடைய நிழல் சரியாகத் தின்னக் கிடைக்கவில்லை என்று சமையல்காரர் சண்டை பிடித்தார். தலைக்குப் பாதி நிழலோடு இவர்கள் வீட்டுக்குப் போவதைப் பார்த்து ஊர் சிரித்தது. பிராணிக்கு உயிர் நின்றது, அவ்வளவுதான். கஞ்சித் தண்ணியில் குட்டி வளருமா? தியேட்டர் நிழலில் ஒரு முழம் வெட்டி எடுத்துவந்து வைத்தார்கள். நீலமாக வாந்தியெடுத்துவிட்டுச் சுருண்டுகொண்டது. கடைசியில் ஒரு பழைய வீட்டின் பீரோவுக்குப் பின்னால், என்றோ தொலைந்துபோன ஒரு குடையின் நிழல், வெள்ளை வெளிச்சம் படாமல் தப்பித்துக் கிடந்தது கிடைத்தது. அதைத் தின்ற பிறகு அந்தப் பிராணி எழுந்து நின்று வாலை உதறி, செருப்புச் சத்தத்தில் ஒரு கத்துக் கத்தியது. ஒரு குடைக்கே இந்தத் தெம்பு. ஆனால் தேடித் தேடிப் பார்த்தும் அதற்கப்புறம் ஒரு கைப்பிடி நிழல்கூடக் கிடைக்கவில்லை.

"நம்ம ஊர்ல ஒரு வீட்லகூடவா டாக்டர் பழைய பல்பு இல்ல?" என்று இயக்குநர் ஒவ்வொரு நாளும் கேட்டார். டாக்டரம்மா ஒவ்வொரு நாளும் குனிந்து பிராணியின் ஈறைத் தூக்கி நிறம் பார்த்தார். பொய் சொல்லவில்லை, பதில்தான் சொல்லவில்லை. அக்கா சம்மதிக்க மாட்டார்கள், கேட்டுப் பிரயோஜனமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தாலும் தூக்கம் வரவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரொட்டிக் கடையில் கேள்விப்பட்டு நாத்தனாரே காப்பகத்துக்கு வந்துவிட்டார். கையில் குடை, மூக்கு நுனியில் கோபம். திருட்டுப்பூனைக்கு இத்தனை உபசாரமா என்று நாலு வார்த்தை கேட்கத்தான் வந்தார். கூண்டுக்கு முன்னால் அவர் நின்றதும் பிராணி தலையைத் தூக்கி, கம்பிக்கு வெளியே நாக்கை நீட்டி, அவருடைய நிழலின் விளிம்பில் இரண்டு நக்கு நக்கியது. மூன்றாவது நக்குக்கு நாக்கு பாதி வழியிலேயே தரையில் கிடந்துவிட்டது. நாத்தனார் குனிந்து பார்த்தார். தம்பிக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்தபோது, ஊட்டிய கவளம் வாய்க்குள்ளேயே இருக்க விழுங்கத் தெம்பில்லாமல் அண்ணாந்து பார்த்தானே, அந்தப் பார்வை. குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் டாக்டரம்மா டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மெஷின் சத்தம் நின்றது. நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கு நாலு மணிக்கு அதக் கூட்டிட்டு வா."

"எத?"

"எதன்னா? புள்ளத்தாச்சிய. விருந்துக்கு."

டாக்டரம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இத்தனை நாள் எந்த மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாரோ அந்த மதிலே கதவைத் திறந்துவிட்டது.

"முடியாதுக்கா."

"ஏன் முடியாது?"

"அவர எப்படிக்கா... உங்க தம்பிய ஒரு மிருகத்துக்குத் தீனியா போடச் சொல்றீங்களா? உங்களுக்கு மனசு கல்லா?"

"கல்லாவே இருக்கட்டும். நீ என்ன பெரிய வெண்ணெயா? அவன் உசுரோட இருந்தப்ப எத்தன நாள் இந்த நாற்காலியில உக்காந்து டீ குடிச்ச? சொல்லு பாப்போம். சுவத்தோட குடும்பம் நடத்துற, மனுஷனோட நடத்தல."

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த ஒரே அடியில் டாக்டரம்மா நகர்ந்துவிட்டார். எழுந்துபோய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நாத்தனார் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதால்தான் அது அப்படி வலித்தது. கணவர் செத்த அன்று அழாத அழுகையை அன்றைக்கு அழுதார். அடுத்த அறையில் நாத்தனாரும் சாப்பிடவில்லை, சொன்னது அதிகமோ என்று தைத்த ரவிக்கையையே பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் காப்பகத்துக்குப் போனபோது பிராணி கண் திறக்கவில்லை. வயிற்றில் கை வைத்தால் குட்டிகள் மட்டும் மெதுவாகப் புரண்டன. இயக்குநர் வழக்கமான கேள்வியைக் கேட்கக்கூட இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா குனிந்து ஈறைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எங்க வீட்ல இருக்கு சார். முழு ஆள்" என்றார். எத்தனை நாளாகத் தெரியும் என்று இயக்குநர் கேட்கவில்லை. கேட்காததற்காக டாக்டரம்மா அவரைக் கடைசிவரை மறக்கவில்லை.

பிராணியைப் பழைய துண்டில் சுற்றி, மூன்று சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நாலு மணி வெயில் சன்னல் வழியாக விழ, சுவரில் டிரைவர் வந்து உட்கார்ந்தார். நாத்தனார் வழக்கம்போல டம்ளரை வைத்தார், அன்றைக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தார். துண்டை விலக்கியதும் பிராணி வாசம் பிடித்துக் கண்ணைத் திறந்தது. தவழ்ந்து தவழ்ந்து சுவரடிக்குப் போயிற்று. நாக்கை நீட்டியது. நீட்டியபடியே நின்றது. டிரைவரின் செருப்பு நிழலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நாக்கு நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் தொடவில்லை. அதுவரை யாருக்கும் தெரியாத இன்னொரு விஷயம் அப்போதுதான் தெரியவந்தது. இன்னும் கிளம்பாத நிழலை, உயிரே போனாலும், நிழல்தின்னி தொடாது.

"தின்னேன்டி" என்றார் நாத்தனார். அது அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சுவரையே பார்த்தது.

டீ தீருகிற நேரம். சுவரில் இடது கை அசைந்தது. முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஒரு இழு. உடம்பு ஒரு இம்மி முன்னால் சாய்ந்து, நின்று, காத்திருந்தது. டாக்டரம்மா அதைப் பல வருஷமாகத் தினமும் பார்த்தவர். பழக்கதோஷம், நிழலுக்கும் விடவில்லை என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மனிதர் ஒவ்வொரு நாளும் கிளம்பத்தான் பார்த்திருக்கிறார். ரைட் வராமல் எந்த டிரைவர் வண்டியை எடுப்பான்?

"அக்கா, தட்டுங்கக்கா" என்றார். "அவர் ரைட்டுக்கு நிக்கிறார்."

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நான் தட்டாமலா இருந்தேன்? நீ வர்றதுக்கு முன்னாடி, நீ போனதுக்கப்புறம், எத்தன தடவ தட்டிப் பாத்திருக்கேன் தெரியுமா? திரும்பிக்கூடப் பாக்கல. அவன் காத்துக்கிட்டு இருக்கறது உனக்கு. நீ வந்து உக்கார்றதுக்கு எவ்வளவோ நாள் காத்திருந்தான், இப்ப நீ போகச் சொல்றதுக்குக் காத்திருக்கான். ரைட் குடும்மா."

இயக்குநர் ஏதோ ஞாபகம் வந்தவர் போல வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். டாக்டரம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் டம்ளரில் ஆறிப்போயிருந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "ஒரு நாள்கூட நேரத்துக்கு வரல நான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "வந்திருக்கணும். வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்." சுவரில் கை இன்னொரு தடவை கியர் போட்டது. டாக்டரம்மா மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். "ரைட்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "போலாம், ரைட்."

டிரைவரின் நிழல் எழுந்தது. அது எவ்வளவு உயரம் என்பதையே அவர்கள் மறந்திருந்தார்கள். தலை கூரையில் மடங்கியது. டம்ளரை வைத்துவிட்டு, சட்டையின் பின்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டது. பிராணி காலிலிருந்து ஆரம்பித்தது. அவசரப்படவில்லை. முழங்கால், இடுப்பு, முதுகு என்று மேலே போகப் போக அதன் பின்னங்கால்கள் நிமிர்ந்தன, ரோமம் படிந்து பளபளத்தது. உயரத்தில் இருந்தது எட்டாதபோது நாத்தனார் ஸ்டூலை இழுத்துப்போட்டார். "மிச்சம் வைக்கக் கூடாது, ஆமா" என்று கண்ணில் நீர் வழிய அதட்டினார். "அவன் தட்டுல என்னிக்கும் மிச்சம் வெச்சதில்ல." கடைசியாக இடது கை இருந்தது. அதையும் தின்றுவிட்டு, டீ டம்ளரின் நிழலையும் நக்கிவிட்டு, பிராணி சமையலறை மூலையில் சுருண்டு தூங்கிப்போயிற்று. சுவரில் நிழல் இருந்த இடத்தில் சுண்ணாம்பு, அடித்த அன்றைக்கு இருந்தது போலப் புதிதாக இருந்தது. நாத்தனாரும் டாக்டரம்மாவும் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டார்கள், இரண்டு பேருக்கும் நல்ல பசி.

குட்டி இரண்டு பிறந்தன. முதல் குட்டி சாதாரணக் குட்டி. இரண்டாவது குட்டி, படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கும் முன்னால் இடது முன்னங்காலைத் தரையில் ஒரு தடவை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தது. அப்புறமும் எழுந்திருக்காமல் சுற்றிலும் பார்த்தது. எலும்பில் ஏதாவது கோளாறா என்று இயக்குநர் டாக்டரம்மாவைக் கேட்டார். டாக்டரம்மா கூண்டின் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார். குட்டி எழுந்து போயிற்று. "கோளாறு ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

பிறகு நடந்தது மெதுவாகத்தான் நடந்தது. இயக்குநர் நகராட்சிக்கு நடையாய் நடந்து, செருப்பு தேய்ந்து, ஒரு தேர்தல் வந்து தலைவரும் மாறிய பிறகு கம்பங்களில் மஞ்சள் விளக்கு வந்தது. பக்கத்து மலையடிவாரத்தில் தப்பிப் பிழைத்திருந்த ஒரு ஆண் பிராணி கிடைத்தது, குட்டிகள் பெருகியதும் ஒவ்வொன்றாக ஊருக்குள் விட்டார்கள். தியேட்டர் நிழலின் விஷம் பல மழையில் கரைந்து, ஒரு கோடைக்காலத்தில் பிராணிகள் அதை ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பித்தன; "சாப்பிட வந்துட்டாங்க" என்று அந்தத் தெருக்காரர்கள், ஏதோ சொந்தக்காரர்கள் விருந்துக்கு வந்தது போலச் சொல்லிக்கொண்டார்கள். துணி காய்ந்தது. சளி விட்டது. ரொட்டிக் கடைக்காரர் செத்தபோது அவருடைய நிழல் அடுப்படியில் நின்று உதட்டைப் பிதுக்கியது; மனைவி சன்னலைத் திறந்து வைத்தார், பதினைந்தாம் நாள் வேலை முடிந்தது. திருட்டுப்பூனை என்ற பேச்சு எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை.

டாக்டரம்மா நாலு மணிக்கு வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. சுவருக்காக வந்தவர் இப்போது நாத்தனாருக்காக வந்தார். எதிரும் புதிருமாக உட்கார்ந்து டீ குடித்து, ஊர்க்கதை பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி அவர்களுக்கும் வயதாயிற்று. ஒரு மழைக்காலத்தின் முடிவில், ஊசியில் நூல் கோத்தபடியே நாத்தனார் போய்ச் சேர்ந்தார். மறுநாள் சாயங்காலம் அவருடைய நிழல் சமையலறைச் சுவரில் வந்து உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டி யாரையோ திட்டிக்கொண்டிருந்தது. யாரை என்பதில் டாக்டரம்மாவுக்குச் சந்தேகமில்லை. கொஞ்ச நாள் எதிரில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு ஒருநாள் இரண்டு டம்ளரில் டீ வைத்துவிட்டு, சன்னலைத் திறந்தார்.

வந்தது கிழட்டுப் பிராணி, வாலில் பாதி முடி இல்லை. சுவரடியில் உட்கார்ந்து காத்திருந்தது. டாக்டரம்மா டீயைக் குடித்து முடித்து, மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார். நாத்தனாரின் நிழல் விரலை ஆட்டிக்கொண்டே எழுந்தது, தின்று முடிக்கும் வரை ஆட்டிக்கொண்டே இருந்தது. பிராணி மிச்சம் வைக்கவில்லை. சன்னல் திண்டில் ஏறி நின்று, இடது முன்னங்காலை முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஒரு இழு இழுத்தது. அப்புறம் அசையாமல் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"உனக்கும் நான்தானா?" என்றார் டாக்டரம்மா. சன்னல் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். அது வெயிலில் இறங்கித் தெருவோடு போயிற்று. அவர் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.